பதினேழாவது வண்டி

சங்கராபுரம் தாலுகா ஆபீஸ் வாசலில் இருபத்திரண்டு வருடமாக மனு எழுதுகிறேன். கேட்பதை எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. கேட்பது நியாயமா என்று பார்ப்பது அதிகாரிகள் பிழைப்பு. அப்படிப்பட்ட எனக்கே எழுதக் கை கூசிய மனு ஒன்று உண்டு. எழுதச் சொன்னவன் எங்கள் தெருக் கொளஞ்சியப்பன்.

கொளஞ்சிக்கு ஒன்றரை ஏக்கர் கரும்பு. எங்கள் பக்கத்தில் கரும்பு நட்டவன் ஆலையில் பதிவு செய்ய வேண்டும், அவர்கள் ஒரு எண் தருவார்கள். சின்ன எண்ணுக்கு வெட்டு உத்தரவு முதலில் வரும். பெரிய எண்ணுக்கு வருவதற்குள் கரும்பு பூவெடுத்துக் காய்ந்து பாதி எடையில் லாரி ஏறும். கொளஞ்சி ஒரு வருடமாவது ஆயிரத்துக்குக் கீழே எண் வாங்கியதில்லை. அவன் பதிவுக்குப் போகிற அன்றைக்குத்தான் கம்ப்யூட்டர் படுத்துக்கொள்ளும். அதனால் சின்ன எண் வைத்திருப்பவன்தான் பெரிய மனிதன் என்பதை நாற்பத்தெட்டு வயதுக்குள் அவன் நன்றாகப் படித்துவிட்டான். வேறு எதையும் படித்த மாதிரி தெரியவில்லை.

அவனிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. நூறு சிசி. பால் கேன், உர மூட்டை, கல்யாணத்துக்கு நான்கு பேர் என்று எல்லாம் சுமந்த வண்டி. பதினைந்து வருடம் ஆனதால் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கு வண்டியின் கழுத்தில், ஹேண்டிலுக்குக் கீழே அடித்திருக்கும் சேசிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்து, பென்சிலால் தேய்த்து, அச்சு எடுத்துக் கொடுக்க வேண்டும். கொளஞ்சி தேய்த்தான். எழுத்தும் எண்ணுமாய் நீளமாக வந்தது. கடைசி ஆறு இலக்கம் வரிசை எண் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். காகிதத்தில் அது 000017 என்று விழுந்தது. அந்த ராத்திரியே செல்போனில் ஒரு வீடியோவும் பார்த்துவிட்டான். வெளிநாட்டில் யாரோ ஒருவன் ஆரம்ப எண் மோட்டார் சைக்கிளைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துப் பக்கத்தில் நின்று சிரிக்கிறானாம்.

ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் 400017 என்று இருந்தது. வேறு ஊர்க்காரன் என்றால் இங்கேயே விஷயம் முடிந்திருக்கும். ஆனால் கொளஞ்சியின் ரேஷன் கார்டில் அவன் பெயர் கொளஞ்சியம்மாள், பெண். வாக்காளர் அட்டையில் அவனுக்கு அவன் அப்பாவை விட வயது அதிகம். காகிதத்தில் இருப்பது தப்பு, இரும்பில் இருப்பது சரி என்று அவன் முடிவு செய்ததில் அவனை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் கொடுக்க, ஆர்.சி.யில் தவறாகச் சேர்ந்துவிட்ட நான்கை நீக்கித் தருமாறு நான்தான் மனு எழுதினேன். டோக்கன் வாங்கியபோது எண் முந்நூற்றுச் சொச்சம். அதைப் பற்றி அன்றைக்கு அவனுக்குக் கவலையே இல்லை. பதினேழு வீட்டில் இருக்கிறது.

வீட்டில் என்றால் வீட்டுக்குள்ளேதான். கூடத்தில் டிவிக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, மனைவியின் புடவை ஒன்றைப் போர்த்திவிட்டான். ஓட ஓட மதிப்பு குறையும் என்று வீடியோக்காரன் சொன்னானாம். கரும்புக் கொல்லைக்கு நடந்து போக ஆரம்பித்தான். போகிற வழியில் நிறுத்திக் கேட்பவர்களுக்கெல்லாம், கேட்காதவர்களுக்கும், பதினேழின் பெருமையைச் சொன்னான். கேட்டுக்கேட்டு எனக்கே பதினேழு என்றால் எரிச்சல் வர ஆரம்பித்தது.

எரிச்சலுக்கு இன்னொரு காரணம் அவன் மனைவி ஜெயசுதா. பி.எட். முடித்து, வேலை வாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, பதினான்கு வருடம் காத்திருந்தவள். அந்த வருடம் கல்வராயன் மலையில், சேராப்பட்டுக்கு மேலே ஒரு சிற்றூர்ப் பள்ளிக்குத் தற்காலிக ஆசிரியை தேவை என்று அழைத்தார்கள். தற்காலிகம்தான், ஆனாலும் வேலை. ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் சேர வேண்டும். வராவிட்டால் பட்டியலில் அடுத்தவளைக் கூப்பிடுவார்கள். அந்தப் பக்கம் போகிற முதல் பஸ் மலை ஏறி இறக்கிவிடும்போது மணி பத்தரை. அவளிடம் லைசன்ஸ் இருந்தது. கூடத்தில் வண்டியும் இருந்தது.

அவள் கேட்டாள். அவன் முடியாது என்றான். மலைப்பாதையில் இருபத்தைந்து வளைவு ஏறி இறங்கினால் பதினேழுக்கு என்ன மரியாதை இருக்கும் என்றான். அவள் அழுதாள், இரண்டு நாள் சமைக்காமல் இருந்தாள், என்னிடம் வந்து சொல்லிப் பார்க்கச் சொன்னாள். நான் சொன்னேன். பொம்பளைக்கு வேலை எப்போதும் வரும், இந்த எண் வருமா என்று என்னிடமே கேட்டான். எனக்கு வந்த கோபத்தில் மனுவுக்கு வாங்க வேண்டிய கூலியை மறந்துவிட்டு எழுந்து வந்தேன்.

அவள் சேர வேண்டிய திங்களுக்கு முந்தின சனிக்கிழமை, விழுப்புரத்திலிருந்து பழைய வண்டி வாங்கி விற்கும் அன்புச்செல்வன் வந்தார். கொளஞ்சிதான் போன் போட்டு வரவழைத்திருந்தான், பக்கத்தில் இருக்க என்னையும் கூப்பிட்டிருந்தான். வந்தவர் புடவையை விலக்கி, வண்டியைச் சுற்றி வந்து, நிதானமாகச் சொன்னார். ஊரே தேடுகிற வண்டியாக இருந்தால் ஆரம்ப எண்ணுக்குக் கிராக்கி உண்டு. யாரும் தேடாத வண்டியில் ஒன்றாம் எண்ணும் ஒன்றுதான், ஒரு லட்சமும் ஒன்றுதான். அதோடு புது மாடலில் முதலில் இறங்குகிற வண்டிகளில்தான் கோளாறு எல்லாம் இருக்கும், கம்பெனி பிறகுதான் சரி பண்ணும். கொளஞ்சி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அடிமாட்டு விலைக்குக் கேட்கப் போகிறார், அதற்குத்தான் இந்தப் பேச்சு என்று அர்த்தம்.

அன்புச்செல்வன் குனிந்து வண்டியின் கழுத்தைத் தடவினார். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை கொளஞ்சி அந்த இடத்தில்தான் சந்தனம் வைத்துக் குங்குமப் பொட்டு இடுவான். அதுதான் வண்டிக்கு நெற்றி. நடுவில் ஒரு தடவை பெயின்ட் அடித்தபோது பொட்டோடு சேர்த்தே அடித்திருந்தார்கள். அதன் மேல் இன்னும் பல வருடத்துப் பொட்டு.

"இந்தப் பொட்டுக்குக் கீழ இன்னா இருக்குதுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"சாமிக்கு வெச்ச பொட்டை யாருனா சுரண்டுவாங்களா?" என்றான் கொளஞ்சி.

அவர் சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டார். ஜெயசுதா காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்குக் கொளஞ்சி என் வீட்டுக் கதவைத் தட்டினான். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தான். பதினேழைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள் என்றான். ஜெயசுதா எங்கே என்று கேட்டேன். பஸ்ஸுக்குப் போயிருப்பாள், விடியும்போதே காணோம் என்றான். எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. அவனுக்குப் புரியவில்லை. தான் கூடாது என்று சொன்ன ஒன்று அந்த வீட்டில் நடக்கும் என்பது அவன் கணக்கிலேயே இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு அவனோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

அங்கே எழுத்தர் தமிழ்வேந்தன் வண்டி எண்ணைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டினார். சேசிஸ் எண் நான்கு லட்சத்துப் பதினேழு என்று வந்தது. கொளஞ்சி அது தப்பு என்றான், வெறும் பதினேழு என்றான், மனு கொடுத்த ரசீதை நீட்டினான். தமிழ்வேந்தன் பதினேழை மட்டும் போட்டுத் தேடினார். அப்படி ஒரு வண்டியே இல்லை என்றது கம்ப்யூட்டர். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"காத்தால ஆறு மணிக்கு ஒரு அம்மா இதே நம்பர் வண்டியில மலைப்பக்கம் போய்க்கினு இருந்தாங்க, நானே பாத்தேங்க. முன்னால நாலு இருக்குதுன்னு சொல்லுங்க, அரை மணி நேரத்துல புடிச்சிடலாம். பதினேழுதான்னு நின்னீங்கன்னா, தேடறதுக்கு வண்டியே இல்ல."

கொளஞ்சி நீட்டிய ரசீதை மடித்துப் பையில் வைத்தான். அம்மா என்ற சொல்லும் நாலு என்ற சொல்லும் ஒரே நேரத்தில் அவனுக்குள் போய் இறங்கியிருக்க வேண்டும். அத்தனை மாதம் அவனைக் கிண்டல் செய்த எனக்கு அப்போது பாவமாக இருந்தது. சுவரில் ஒட்டியிருந்த ஹெல்மெட் விளம்பரத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெஞ்சைவிட்டு எழுந்தான்.

"அப்போ எழுத வேணாங்க," என்றான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஜெயசுதா தெருவுக்குள் வண்டியில் வந்தாள். முகமெல்லாம் மலைத் தூசி. கையெழுத்துப் போட்டு வேலையில் சேர்ந்தாயிற்று, முதல் நாளே ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தேன் என்று வாசலில் நின்றிருந்த எங்களிடம் சொன்னாள். கண் கலங்கியிருந்தது. வண்டியின் கழுத்தை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்திருந்தாள். ஆறு இலக்கமும் பளிச்சென்று தெரிந்தன, முதலில் நான்கு. நான்கை மறைத்த பொட்டின் வட்டம்தான் பென்சில் அச்சில் பூஜ்யமாக விழுந்திருக்கிறது என்பது தெருவுக்கே தெரிந்துபோனது. சண்டை வரும் என்று நாலைந்து பேர் கூடிவிட்டோம்.

கொளஞ்சி வண்டியை முன்னும் பின்னும் பார்த்தான். குனிந்து எண்ணைப் படித்தான். பிறகு நிமிர்ந்து, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"இது வேற வண்டி."

ஜெயசுதா அவனை ஒரு நிமிடம் பார்த்தாள், பிறகு வண்டியை வெளியிலேயே நிறுத்திவிட்டுச் சமைக்கப் போனாள்.

இப்போது இரண்டு வருடம் ஆகிறது. டீக்கடையில் புது ஆள் யாராவது மாட்டினால் கொளஞ்சி இன்னமும் சொல்கிறான்: தன்னிடம் பதினேழாவது வண்டி இருந்தது, லட்சக்கணக்கில் விலை போகும், எவனோ கொண்டு போய்விட்டான், போலீஸாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. ஆலை எண் எப்போதும்போல ஆயிரத்துக்கு மேலேதான் வருகிறது, அவன் அதற்கெல்லாம் அசருவதில்லை. கையில் இருந்தபோது யாரும் நம்பாத பதினேழைத் தொலைந்த பிறகு எல்லோரும் நம்புகிறார்கள். அவன் அதைச் சொல்லி முடிக்கிற நேரத்துக்குத்தான் ஜெயசுதா மலையிலிருந்து இறங்கி வந்து கடை வாசலில் ஹாரன் அடிப்பாள். அவன் டீயை வைத்துவிட்டுப் போய், வேறு வண்டியில், அவள் பின்னால் ஏறி உட்கார்ந்துகொள்வான்.