கதவைத் திறந்தால் நின்றுபோகும் பாட்டு

கார்களுக்கு ஸ்பீக்கர், ஹாரன், விளக்கு என்று வயரிங் வேலை பார்க்கும் அவளைத் தெருவில் எல்லோரும் ‘சோதனை அக்கா’ என்றுதான் சொல்வார்கள். புத்தம்புது வயரைக்கூட மீட்டர் வைத்துப் பார்க்காமல் தொடமாட்டாள். வீட்டிலும் அதே கதைதான். அடுப்பை அணைத்துவிட்டதாகப் புருஷன் சொன்னால், “சரி” என்பாள். அப்புறம் எழுந்து போய்ப் பார்ப்பாள்.

முன்பு தம்பியோடு சேர்ந்துதான் கடை நடத்தினாள். ஒருநாள் அலமாரியிலிருந்த ஒரு ஜோடி ஸ்பீக்கர் காணாமல் போனது. அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி அவளைப் பார்த்தான். கேட்டிருந்தால் ஒரு சண்டையோடு தீர்ந்திருக்கும். இருவருமே வாயைத் திறக்கவில்லை. மனசுக்குள்ளேயே புகைந்து, கடை இரண்டானது. அவன் அடுத்த தெருவில் தனியாகக் கடை போட்டான். எதிரே வந்தால் தலையாட்டல், அவ்வளவுதான்.

அன்று ஒரு டாக்ஸிக்காரர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். டிரைவர் பக்கத்து ஸ்பீக்கர் திடீர் திடீரென்று செத்துப்போகிறதாம்.

“உன் தம்பி மாட்டினதும்மா. நல்ல ஸ்பீக்கரை எடுத்துக்கிட்டு பழசை வெச்சு ஏமாத்திட்டான்.”

அவளுக்குச் சுருக்கென்றது. கூடவே, ‘அப்போ நான் நினைச்சது சரிதானோ’ என்றும் ஓடியது. அந்த நினைப்பு அவளுக்கே பிடிக்கவில்லை.

கதவின் உள்பலகையைக் கழற்றி, ஸ்பீக்கரை வெளியே எடுத்தாள். டார்ச் பேட்டரி ஒன்றை அதன் முனைகளில் லேசாகத் தொட்டாள். ‘டப்’ என்று ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு துள்ளியது. மீட்டரும் சரியாகக் காட்டியது.

“ஸ்பீக்கர் புதுசுதாண்ணே. நல்லாவும் இருக்கு.”

“தம்பியாச்சே, விட்டுக்குடுப்பியா?” என்றார் அவர்.

அவள் ஸ்டீரியோவைக் கழற்றி, வயரின் ஒரு முனையை அங்கேயும் மறுமுனையைக் கதவிலும் மீட்டரோடு சேர்த்தாள். கதவு பாதி திறந்திருந்தது; வயரில் தொடர்பு இருக்கிறது என்று மீட்டர் பீப் என்றது. கதவை மூடினாள், அப்போதும் பீப். முழுசாகத் திறந்தாள், சத்தம் நின்றது. மறுபடி மூடினாள், வந்தது.

கதவுக்கும் வண்டிக்கும் நடுவே வயர்கள் போகும் ரப்பர் குழாயை மெல்ல உருவினாள். உள்ளே ஒரு வயரில் பளபளவென்று புது டேப். பிரித்தால், வெறுமனே முறுக்கிவிட்ட ஒட்டு; கதவு திறக்கும்போதெல்லாம் இழுபட்டு விட்டுப்போயிருக்கிறது. தம்பிக்கு ஆயிரம் குறை இருக்கலாம். ஈயத்தை உருக்கி வைக்காமல் ஒரு ஒட்டுகூடப் போடமாட்டான்.

“அண்ணே, எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடி இந்தக் கதவை யாரு கழட்டினது?”

“யாருமில்லையே.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

அவர் கழுத்தைச் சொறிந்தார். “கண்ணாடி ஏறலைன்னு எங்க மாப்பிள்ளை கொஞ்சம் பார்த்தாரு. வயரை ஏதாச்சும் அறுத்திருப்பாரோ? அவரைப் போய் நான் எப்படிம்மா சந்தேகப்படறது?”

“என் தம்பின்னா படலாமா?”

டாக்ஸிக்காரர் குனிந்து, சுத்தமாக இருந்த செருப்பைத் துடைத்தார்.

அவள் முறுக்கைப் பிரித்து, கொஞ்சம் நீளம் சேர்த்து ஈயம் வைத்து ஒட்டினாள். கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள், பாட்டு நிற்கவில்லை. வண்டி போனபிறகு போனை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

“அந்த டாக்ஸிக்காரரோட ஸ்பீக்கர் வயரிங் நீ பண்ணதா?”

“எதுக்குக் கேக்கற?” குரலிலேயே முள் இருந்தது. “யார் என்ன சொன்னாங்க?”

“சொன்னாங்க. நானும் பார்த்துட்டேன். உன் வேலையில தப்பில்லை.”

அந்தப் பக்கம் ஏதோ கருவியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“இதைச் சொல்லவா கூப்பிட்ட? வேற ஒண்ணும் இல்லியே?”

“வேற ஒண்ணும் இருக்கு. அந்த ஸ்பீக்கர் ஜோடியை நீ எடுத்தியா?”

“நான் எடுக்கலை. நீ?”

“நானும் எடுக்கலை.”

“சத்தியமா?”

“சத்தியமாடா.”

இரண்டு பேருக்கும் முழுசாக நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் சாயங்காலம் தம்பி அவள் கடைக்கு வந்தான். நாற்காலியில் உட்காராமல் வாசலிலேயே நின்று, அந்த ஸ்பீக்கர்கள் இருந்த பழைய அலமாரியை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தான். அவள் பார்க்கவிட்டாள். பிறகு உள்ளே போய் இரண்டு டம்ளரில் டீ ஊற்றிக்கொண்டு வந்தாள்.