மச்சினன் பிடிக்கும் கயிறு

சங்கு குளிக்கப் போகிறவனுக்கு அவன் மனைவியின் உடன்பிறந்தவன்தான் கயிறு பிடிப்பான். எங்கள் கடற்கரையில் அது பழக்கம். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கியவன் மூச்சு முட்டும்போது இடுப்புக் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவான். வள்ளத்தில் இருப்பவன் அந்த நொடியே இழுக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் கொஞ்சம் பராக்குப் பார்க்கலாம். கூடப் பிறந்தவள் தாலியறுக்க எவனும் விடமாட்டான் என்று அந்த வேலையை மச்சினனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் அப்படித்தான் அத்தானின் வள்ளத்தில் ஏறினேன். சாயங்காலம் கரைக்கு வந்ததும் அக்காள் முதலில் பார்ப்பது சங்கை அல்ல, என் கையை. உள்ளங்கையை விரிக்கச் சொல்வாள். கயிற்றின் தடம் சிவப்பாகக் கிடந்தால் தேங்காயெண்ணெய் தடவுவாள். தடம் மங்கலாக இருந்தால் தொலைந்தேன்.

“தூங்கினியாலே? கீழ கிடக்கது என்ன, கருவாட்டு மூட்டையா?”

அத்தான் சிரிப்பார். கடற்கரையில் எல்லா வீட்டிலும் பெண்கள் இப்படிக் கை பார்ப்பதுண்டு. அக்காள் மட்டும் ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

எனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. குளிக்கிறவனுக்குத்தான் பெயர், சங்கும் அவன் எடுத்தது. கயிறு பிடிக்கிறவன் வேறொருவன் மூச்சுக்குக் காவல் இருக்கிறான், அவ்வளவுதான். காற்றுக்காலத்தில் சங்குக் குளிப்பு நின்றிருந்தபோது கொச்சிக்குப் போன ஒரு தோணியில் சமையலுக்கு ஆள் கேட்டார்கள். அத்தானிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறினேன். “சுத்திட்டு வாலே, கயிறு இங்கனதான் கிடக்கும்” என்றார். பெரியப்பா மகன் ஒருவன் அக்காளுக்குத் தம்பி முறை. நான் வரும்வரை அவன் பிடிப்பதாக ஏற்பாடு.

கொச்சியிலிருந்து தோணி திரும்பியது, நான் திரும்பவில்லை. மங்களூரில் ஓடு சுமந்தேன். லாரியில் கிளீனராகப் போய்ப் பம்பாயில் இறங்கினேன். சில நாள் சாப்பாடு இருந்தது, சில நாள் இல்லை. ரயில் நிலையத்தில் படுத்தேன், பிறகு துறைமுகத்துக் கிடங்குகளின் ஓரத்தில் படுத்தேன். மழையில் இரண்டு இடமும் ஒன்றுதான். கையில் விலாசம் என்று ஒன்று இல்லாததால் வீட்டிலிருந்து எனக்கு ஒரு தகவலும் வர வழியில்லை. அப்போது அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

பம்பாய்த் துறைமுகத்தில் ஒரு நாள் கப்பலின் அடிப்பக்கத்தைப் பார்க்க ஆளை இறக்கினார்கள். தலையில் பித்தளைத் தொப்பி மாட்டி, காற்றுக் குழாயும் கயிறும் கட்டி இறக்குவார்கள். கயிற்றுக்காரன் அன்று வரவில்லை. பக்கத்தில் நின்ற என்னைக் கூப்பிட்டு முனையைக் கையில் கொடுத்தார்கள். கயிறு உள்ளங்கையில் விழுந்ததும் எனக்கு எல்லாம் தெரிந்தது. கீழே அவன் நடப்பது, நிற்பது, குனிவது, கால் சறுக்குவது, எல்லாம். அவன் சைகை கொடுக்கும் முன்பே கை தானாக இழுக்கத் தொடங்கிவிட்டது. மேலே வந்து தொப்பியைக் கழற்றியவன் இருமி முடித்த பிறகு, எங்கே பழகினாய் என்று இந்தியில் கேட்டான். வீட்டில் என்றேன். என் இந்திக்கு அதற்கு மேல் வராது.

அன்று சாயங்காலம் உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன். தடம் நன்றாகச் சிவந்திருந்தது. காட்ட ஆள் இல்லை. இத்தனை ஊர் சுற்றி நான் யார் என்று தெரிந்துகொண்டது அந்த இடத்தில்தான். நான் கயிறு பிடிக்கிறவன். அதற்காகத்தான் திரும்பினேன்.

தூத்துக்குடியில் இறங்கி நேராக அக்காள் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஒரு பெண் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. அக்காளைக் கேட்டேன். அவள் கையை அலம்பிக்கொண்டு எழுந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

“உள்ள வாங்கண்ணே” என்றாள். “அவங்க இப்ப வந்துருவாங்க.”

உள்ளே மாதா படத்துக்குப் பக்கத்தில் அக்காளின் படம் மாட்டியிருந்தது. மாலை காய்ந்து பழையதாகியிருந்தது. நான் போன மறு வருஷமே பிரசவத்தில் போய்விட்டாள். பிள்ளையும் தங்கவில்லை. அத்தான் வந்து சொல்லும்போது அழவில்லை. அவர் அழுது முடித்து வெகுகாலம் ஆகியிருந்தது. நான் அப்போதுதான் தொடங்க வேண்டியிருந்தது.

கல்லறைக்குப் போய்வந்தேன். பிறகு நாட்கள் போயின. அத்தான் இரண்டாவதாகக் கட்டிய சின்னவள் நல்லவள். இது ஒங்க வீடுதான் அண்ணே என்று தினமும் சோறு போட்டாள். கடற்கரையில் போய் உட்கார்ந்தால் பழைய ஆட்கள் வம்புக்கு இழுப்பார்கள். “ஏலே பம்பாய்க்காரா, அங்கனயும் கடலு உப்பாத்தான் கெடக்கா?” பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சிரிப்பேன். கண் மட்டும் அத்தானின் வள்ளத்தில் இருக்கும். இப்போது கயிறு பிடித்தது சின்னவளின் அண்ணன். வாட்டசாட்டமானவன், வேலையில் குறை சொல்ல முடியாது. முறைப்படி கயிறு அவனுடையது. சாயங்காலம் சின்னவள் அவன் கையை விரித்துப் பார்ப்பாள். நான் வலையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொள்வேன்.

ஒரு நாள் அவனுக்குக் காய்ச்சல். நல்ல தெளிந்த கடல், மற்ற வள்ளங்கள் கிளம்பிவிட்டன. அத்தான் சும்மா மணலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இதற்காகத்தான் ஊருக்கு வந்தேன் என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

“நான் பிடிக்கட்டுமா அத்தான்?”

அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். என்மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டேன்.

“ஒன் இழுப்பு எனக்குத் தெரியும்லே. நீ இழுத்தா, அவ கரையில நிக்கான்னு நெனச்சுத்தான் ஏறி வருவேன். தலைய வெளிய எடுத்தப்பொறவுதான் அவ செத்துப்போனது ஞாவகம் வரும். ஒரு நாளைக்கு எத்தன தடவலே நான் அதத் தாங்குவேன்?”

அன்று அவர் கடலுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு நானும் கேட்கவில்லை.

நான் ஊரை விட்டுப் போகும்போது கடலுக்குள் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே இப்போது புதுத் துறைமுகம் வந்து கப்பல்கள் நின்றன. வருகிற கப்பலின் வடத்தை வாங்கிக் கரையில் கட்டும் வேலை கிடைத்தது. அந்த வடம் தொடைப் பருமன். முதல் சில நாள் கப்பல் நெருங்கும்போது என் கை தானாகவே வடத்தில் எதையோ தேடியது. மறுமுனையில் கப்பலின் இரும்புக் கனம்தான் இருந்தது. பிறகு கை தேடுவதை விட்டுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு அத்தான் வீட்டில்தான் சாப்பாடு. ஒரு வாரம் அப்படித்தான் போயிருந்தேன். சின்னவள் குழம்பு ஊற்றிக்கொண்டே என் இடது கையைப் பார்த்துவிட்டாள். வடம் உரசித் தோல் வழன்றிருந்தது.

“என்னண்ணே இது, கையக் காட்டுங்க” என்றாள்.

எதிரே அத்தான் சோற்றில் கை வைத்தபடி நிமிராமல் இருந்தார்.

“ஒண்ணுமில்லம்மா” என்று சொல்லிக் கையை மடக்கித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.