மஞ்சக்குட்டைக்கு மட்டும் தெரிந்த பாட்டு

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஏற்காட்டில் பஷீர் பாயின் காப்பித்தூள் கடையில் உட்கார்ந்திருந்தேன். மஞ்சக்குட்டையிலிருந்து ஷேர் ஜீப்பில் வந்து இறங்கிய ஒருவர் நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"ஏனுங்க, பாட்டுக்கெல்லாம் தேதி எழுதி வெச்சிருக்கற சார் நீங்கதானுங்களா?"

நானேதான். வாராவாரம் இந்தப் பத்தியை எழுதுகிறவனும் நான்தான். எந்தப் பாட்டு, எந்தப் படம், யார் இசை, யார் குரல், படம் என்றைக்கு வெளியானது — எல்லாவற்றையும் ஏழு நீள நோட்டுகளில் எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இதே கடையில் நாங்கள் நாலைந்து பேர் கூடி ஒரு விளையாட்டு விளையாடுவோம். ஒருவர் ஒரு பாட்டைச் சொல்வார். இன்னொருவர் அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு பாட்டைச் சொல்வார். இரண்டையும் மூன்றே படிகளில் இணைக்க வேண்டும். இதில் வயலின் வாசித்தவர்தான் இன்னொன்றுக்கு இசையமைப்பாளர், அவருடைய தங்கைதான் மூன்றாவதில் கோரஸ்... இப்படி. தகராறு வந்தால் என் நோட்டுதான் அம்பயர்.

வந்தவர் பெயர் சின்ராசு. கொஞ்சம் காப்பி, கொஞ்சம் பலா, கொஞ்சம் சாமை போட்டிருக்கிறார். மகளுக்கு ஞாயிறு சாயங்காலம் ஏற்காட்டு மண்டபத்தில் ரிசப்ஷன். மாப்பிள்ளை வீடு மலைக்குக் கீழே குப்பனூர். சேலத்திலிருந்து ஆர்கெஸ்ட்ரா வருகிறது.

"பந்தல், சாப்பாடு, போட்டோ, எல்லாம் சம்பந்தி ஊட்டுக்காரங்க இஷ்டம்ங்க. எங்கூட்டுக்காரி கேட்டது ஒண்ணே ஒண்ணு. ஒரு பாட்டு. அந்த ஆர்கெஸ்ட்ராக்காரரு அப்படி ஒரு பாட்டே கெடையாதுங்கறாரு. சம்பந்தியம்மா வேற சிரிக்கறாங்க. 'உங்க மலைல மட்டும் தனியா சினிமா எடுத்தாங்களாக்கும்'னு கேக்கறாங்க."

"பாடுங்க, பார்க்கலாம்" என்றேன்.

கூச்சப்பட்டார். பிறகு கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாடினார். இரண்டு வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வறண்ட மலைச்சரிவில் நின்றுகொண்டு ஒரு பெண், இன்னும் எத்தனை நாள் காத்திருப்பது, வந்து சேர் என்று கூப்பிடும் பாட்டு. மூன்றாவது நோட்டில் இருக்கிறது.

"இருக்கே" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் முதல் சரணத்தை முடித்து, அரை நொடி நிறுத்தி, வேறு எங்கோ போய்விட்டார். ஒரு ஆண் குரல். இன்னும் நாலு வளைவுதான், வந்துகொண்டே இருக்கிறேன் என்று பாடுகிறது.

அது வேறு பாட்டின் சரணம்! லாரியில் ஊர் திரும்புகிறவன் பாடுவது. ஐந்தாவது நோட்டு.

"ஏங்க, இது ரெண்டு பாட்டு."

"இல்லீங்க. ஒண்ணுதான்."

"அந்த அம்மா பாடறத நிறுத்தினதுக்கு அப்புறம்தான் இவர் சினிமாவுக்கே பாட வந்தார். ரெண்டு பேரும் ஒரே மைக் முன்னாடி நின்னதே இல்லீங்க."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. சேர்ந்துதான் பாடியிருக்காங்க. நான் கேட்டிருக்கேன்."

அந்த நேரம் பார்த்து பஷீர் பாய் காப்பிக்கொட்டை அரைக்கும் மிஷினைப் போட்டுவிட்டார். அதன் பிறகு ஒன்றும் பேச முடியவில்லை.

ஒருவர் இரண்டு பாட்டைக் குழப்பிக்கொள்வது சகஜம்தானே? அப்படித்தான் நானும் நினைத்தேன். சாயங்காலம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒருவரான தனபாலுக்குப் போன் செய்தேன். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வாரத்தில் ஒரு தடவையாவது என்னைத் திருத்தாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. முதல் சரணத்தைச் சொல்லி, "அப்புறம் என்ன வரும்?" என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல் லாரிக்காரனைப் பாடினார்.

"தனபால், அது வேற பாட்டு."

"அட ஆமா" என்றார். முதலிலிருந்து ஒரு தடவை முணுமுணுத்துப் பார்த்தார். "ஆனா அதுதானே வரும்?"

புதன்கிழமை ஜீப் டிரைவரிடம் கேட்டேன். அவரும் அப்படியே. ஆண் குரல் வருவதற்கு முன்னால் அதே அரை நொடி நிறுத்தம் வேறு. சின்ராசுவும் தனபாலும் நிறுத்திய அதே இடம்!

படத்தில் ஒரு மாதிரியும் இசைத்தட்டில் ஒரு மாதிரியும் வந்திருக்குமோ? வானொலியில் யாராவது தொகுத்துப் போட்டிருப்பார்களோ? ஏதாவது மேடைக் கச்சேரியில்...? ஏழு நோட்டையும் புரட்டினேன். இரண்டு பாட்டையும் இணைக்க ஒரு வயலின்காரர்கூடக் கிடைக்கவில்லை. மூன்று படி என்ன, முப்பது படி வைத்தாலும் முடியாது.

வியாழக்கிழமை மஞ்சக்குட்டைக்கே போனேன்.

சின்ராசுவின் மனைவி சரசு வாசலில் ரிசப்ஷனுக்கான தாம்பூலப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். பாட்டைப் பற்றிக் கேட்டதும் பைகளை ஒதுக்கி வைத்தார்.

"கல்யாணமான புதுசுல இவரு லாரியில கிளீனரா போய்ட்டாருங்ணா. வந்தா ரெண்டு நாளு, போனா இருவது நாளு. ஊட்டுல டேப்பு இருந்துச்சு. அந்தப் பாட்ட போடுவேன். அந்தம்மா கூப்புடுவாங்க, அவரு வந்துட்டே இருக்கேம்பாரு. கேட்டுட்டு சோறாக்கப் போயிருவேன்." சிரித்தார். "இத சம்பந்தியம்மாகிட்ட சொல்ல முடியுங்களா? பாட்டுதான் வேணும்னேன். அது இல்லவே இல்லீங்கறாங்க. அப்ப நான் என்னத்தத்தான் கேட்டேன், சொல்லுங்க."

போனில் முதல் பாட்டின் ஒரிஜினலைப் போட்டுக் காட்டினேன். முதல் சரணம் வரை அவரும் கூடவே முணுமுணுத்தார். அது முடிந்து வீணை வந்து, அந்த அம்மா குரலிலேயே இரண்டாவது சரணம் தொடங்கியதும் முகம் சுருங்கியது.

"இத யாரோ மாத்திட்டாங்க."

"இல்லம்மா, இதுதான் ஒரிஜினல்."

"போங்ணா, இதுல தப்பு தப்பா வருது."

அங்கிருந்தே ஆர்கெஸ்ட்ராக்காரரைக் கூப்பிட்டேன். பொறுமையான மனிதர். "ரெண்டையும் ஒட்டிப் பாடிட்டா என்னங்க?" என்று கேட்டேன். அதை முயன்று பார்த்துவிட்டாராம். "ரெண்டும் வேற வேற சுருதி சார். அந்தம்மா முடிக்கற எடத்துல இவரு அரைக் கட்டை மேல ஏறி நிக்கறாரு. ஜனங்க சிரிப்பாங்க."

அப்படியென்றால் மூன்று பேர் என்னிடம் உறுத்தலே இல்லாமல் பாடிக் காட்டினார்களே, எப்படி? எனக்கு அது இன்னும் குழப்பமாகிவிட்டது. இல்லாத பாட்டு ஒன்று, சரியான சுருதியில் ஒரு மலை முழுக்க இருக்கிறது!

வெள்ளிக்கிழமை காலை பஷீர் பாய் கடைக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டினேன். சுருதியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் அவர் எழுந்து போய் மிஷினைப் போட்டார்.

எட்டிப் பார்த்தேன். மிஷினில் ஒரு கொட்டைகூட இல்லை.

கேசட் காலத்தில் இந்தக் கடை ரெக்கார்டிங் சென்டராக இருந்தது. நாம் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால், பஷீர் பாய் தன் மாஸ்டர் கேசட்டிலிருந்து பதிந்து தருவார். மலையில் அந்த வேலைக்கு வேறு கடை கிடையாது. நான் இசைத்தட்டில் மட்டுமே கேட்கிறவன், பதிந்து வாங்கியதில்லை; இருந்தாலும் எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அந்த நிமிஷம்வரை தோன்றவில்லை பாருங்கள்...

நானே போய் சுவிட்சை அணைத்தேன்.

"பாய்."

"என்ன சார்."

"இந்தப் பாட்டுப் பேச்ச எடுத்தாலே எதை அரைக்கறீங்க?"

காலி மிஷினை ஒரு துணியால் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"டேப்பு சிக்கிடுச்சு சார்" என்றார் கடைசியில். "மாஸ்டர் கேசட்டு. அந்தம்மா பாட்டுக்கு அடுத்து அவரு பாட்டு. இதுல பின்பாதியும் அதுல முன்பாதியும் கசங்கி நாராப் போச்சு. கசங்கினத வெட்டிட்டு மிச்சத்த செல்லோ டேப் போட்டு ஒட்டினேன். புதுசா பதிஞ்சிரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ரெண்டு பேரு லிஸ்டோட வந்து நின்னுட்டாங்க."

"அதையே பதிஞ்சு கொடுத்திட்டீங்க."

"அந்த ரெண்டு பேரும் திரும்பி வந்து திட்டுவாங்கன்னு பயந்துட்டே இருந்தேன் சார். திரும்பி வந்தாங்க. இன்னும் நாலு பேர கூட்டிட்டு வந்து அதே பாட்டு வேணும்னாங்க. நான் என்ன பண்ண?"

"சுருதி எப்படிச் சேர்ந்துச்சு?"

"லோ வோல்டேஜ்" என்றார், ஏதோ சொந்தக்காரர் பெயரைச் சொல்வதுபோல. "அவரு பாட்ட மாஸ்டர்ல ஏத்துன அன்னிக்கு மலையில கரண்டு சரியில்ல. அந்த இசைத்தட்டு மெதுவா சுத்திச்சு. அரைக் கட்டை எறங்கிருச்சு."

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் "ஒரிஜினல் கேளுங்க, ஒரிஜினல் கேளுங்க" என்று எல்லோர் உயிரையும் எடுப்பவர் இவர். யாராவது போனில் ரீமிக்ஸ் போட்டால் கடையைவிட்டு வெளியே அனுப்புகிறவர். என் நோட்டில் ஒரு எழுத்து மாறினால்கூட ஒரு வாரம் ஓட்டுவார்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே பாய்."

"உங்ககிட்டயா? அடுத்த வாரம் பத்தியில வந்துராதா?"

வந்துவிட்டது. அவரிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். "எழுதுங்க, ஆனா லோ வோல்டேஜ மொதல்ல போடுங்க" என்று நிபந்தனை வைத்தார். முதலில் போட முடியவில்லை. மன்னிக்கவும் பாய்.

சனிக்கிழமை அவரே மஞ்சக்குட்டைக்குக் கிளம்பினார். துணைக்கு நான். சரசுவிடம் தலையை நிமிர்த்தாமல் ஒட்டுப்போட்ட கதையை முழுக்கச் சொன்னார். சின்ராசு சிரித்துவிட்டார். சரசு சிரிக்கவில்லை.

"அப்ப அந்தம்மா கூப்புட்டது இவர இல்லீங்களா?"

பஷீர் பாய் என்னைப் பார்த்தார். தகவல் என் இலாகா அல்லவா?

"படத்துல அவங்க மழையக் கூப்பிடறாங்கம்மா" என்றேன். "ஊர்ல பஞ்சம்."

சரசு ஒரு தாம்பூலப் பையை எடுத்தார், மடித்தார், பிரித்தார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. உண்மையைச் சொல்வது நல்லதுதான்... ஆனால் இத்தனை வருஷம் ஒரு வீட்டுக்குள் இருந்த பாட்டை இரண்டாக வெட்டிவிட்டு வருவதற்கா மலைப்பாதையில் ஜீப் ஏறிப் போனேன்?

"கூப்புட்டது மழைய" என்றார் சரசு, மெதுவாக. "வந்தது மனுசன்." கொஞ்சம் யோசித்தார். "ஏனுங்ணா, அதுல என்ன கொறஞ்சு போச்சு? எங்க பாட்டயே பாடச் சொல்லுங்க."

பஷீர் பாய் ஆர்கெஸ்ட்ராக்காரரிடம் போனில் பேசினார். அந்தம்மா எந்த வார்த்தையில் நிறுத்த வேண்டும், எவ்வளவு நேரம் இடைவெளி, ஆண் குரல் எந்த வார்த்தையில் நுழைய வேண்டும், அரைக் கட்டை இறக்க வேண்டும் — ஒரு இசையமைப்பாளர்கூட இவ்வளவு கறாராகப் பேசியிருக்க மாட்டார். அந்தப் பக்கம் இரண்டு தடவை பாடிக் காட்டினார்கள். இரண்டு தடவையும், "இடைவெளி பத்தல சார்" என்றார்.

ஞாயிறு சாயங்காலம். மண்டபத்தில் இடது பக்கம் மஞ்சக்குட்டை, வலது பக்கம் குப்பனூர். நான் நடுவில்.

மேடையில் ஒரு பெண் அந்த அம்மாவின் பாட்டைத் தொடங்கினார். முதல் சரணம் முடிந்தது. நிறுத்தம்.

அந்த நிறுத்தத்தை எப்படி எழுதுவது? இடது பக்கத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே சமயத்தில் மூச்சைப் பிடித்தார்கள். செல்லோ டேப் போட்ட இடத்தில்! வலது பக்கத்தில் யாரோ, "மைக் போச்சா?" என்றார்கள். அரை நொடிதான். ஆண் குரல் மேடையில் எழுவதற்கு முன்னாலேயே மஞ்சக்குட்டை பாட ஆரம்பித்துவிட்டது. ஜீப் டிரைவர் எழுந்து நின்று பாடினார். என்னைத் திருத்தும் தனபால் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். சின்ராசு பந்தி பரிமாறும் இடத்தில் ஒரு பாத்திரத்தோடு நின்றுவிட்டார். சரசு மேடையைப் பார்க்கவே இல்லை. கணவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பாடவில்லை. பாடலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. ஐந்தாவது நோட்டும் மூன்றாவது நோட்டும் என் தலைக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

பாட்டு முடிந்ததும் சம்பந்தியம்மா எழுந்து நேராக மேடைக்குப் போனார். ஏதோ கேலி செய்யப் போகிறார் என்று நானும் பின்னாலேயே போய் நின்றேன்.

"ஏனுங்க, அடுத்த மாசம் எங்க பேரனுக்குக் காது குத்து. குப்பனூருக்கு வரணும் நீங்க. இந்தப் பாட்டு கண்டிப்பா இருக்கணும்" என்றார் ஆர்கெஸ்ட்ராக்காரரிடம். பிறகு சரசு பக்கம் திரும்பி, "இவ்வளவு நல்ல பாட்ட இத்தன நாளா நீங்களே வெச்சுக்கிட்டீங்களே சம்பந்தி" என்றார்.

சரசு புதுப் புடவையின் கொசுவத்தைச் சரி செய்துகொண்டார். அதைவிடக் கம்பீரமான ஒரு பதிலை நான் பார்த்ததில்லை.

ஆர்கெஸ்ட்ராக்காரர் பாட்டு லிஸ்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் குனிந்தார். "சார், குப்பனூர்ல கேப்பாங்க. எந்தப் படம், எந்த வருசம்னு சொல்றது?"

பக்கத்தில் நின்ற பஷீர் பாய் மண்டபத்துக் கூரையைப் பார்த்தார்.

படம் இல்லை. தேதி இல்லை. பாடியவர்கள் சேர்ந்து பாடவில்லை. ஆனால் இப்போதுதான் இருநூறு பேர் என் காதுபடப் பாடி முடித்திருக்கிறார்கள்... என்னவென்று சொல்வேன்?

"விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன். யாரை விசாரிப்பது என்றுதான் தெரியவில்லை. தப்பு ஏற்கெனவே குப்பனூர் ரோட்டில் மலை இறங்கிக்கொண்டிருக்கிறது.