அத்தான் இழுத்துப் பார்த்த பூட்டு

ஊரார் இணையதளங்களைப் பராமரிக்கும் அந்த அலுவலகத்தில் அவனுக்கு ‘ஆஃப்-ஆன்’ என்று பெயர். யார் என்ன குறை சொன்னாலும், "ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பான். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். மீதிப் பேர் அவனைத் திட்டிவிட்டு மேலாளரிடம் போவார்கள். எருமைத் தோல் அவனுக்கு. துடைத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவான்.

அந்தத் தோல் அக்காவிடம் மட்டும் செல்லாது. அக்கா வீட்டு முன்பக்கத்திலேயே கடை வைத்துத் திரைச்சீலை தைத்து விற்கிறாள். கடைக்குத் தளம் அமைத்துக் கொடுத்ததே தம்பிதான். உலகத்துக்கெல்லாம் திறக்கிற அந்தத் தளம், ஒரு வாரமாக அக்கா வீட்டில் மட்டும் திறக்கவில்லை.

"ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுக்கா" என்றான். திறந்தது. மறுநாள் காலை பார்த்தால் மறுபடி மூடியிருந்தது. வாரம் முழுக்க இதே கூத்து.

"நாளைக்குக் காலைல திறக்கலன்னா வேற கம்பெனிக்கு மாறிடுவேன். தம்பின்னு பாக்க மாட்டேன்" என்றாள் அக்கா.

கூடப்பிறந்தவளே கைவிட்டுப் போனால் அலுவலகத்தில் எந்த முகத்தோடு உட்காருவது? முதன்முறையாக ஆஃப்-ஆன் ஒழுங்காகத் தேடினான். அக்கா வீட்டு இணைப்பைத் தளத்தின் காவல் மென்பொருளே தடுத்து வைத்திருந்தது. தினமும் கடை மூடிய பிறகு யாரோ அந்த வீட்டிலிருந்து வரிசையாகத் தவறான பாஸ்வேர்டு போட்டிருக்கிறார்கள். திருடன் என்று நினைத்து அது கதவைச் சாத்திவிட்டது. ரூட்டரை அணைத்துப் போட்டால் இணைப்புக்குப் புது எண் கிடைக்கும், காவலுக்கு ஆள் அடையாளம் தெரியாது. அவன் வைத்தியம் ஒரு நாள் பலித்த கதை அதுதான்.

அன்று மாலையே நேரில் போனான். அத்தான் ஷட்டரை இறக்கிப் பூட்டினார். பூட்டைப் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்துப் பார்த்தார். வீட்டு வாசல் வழியாக உள்ளே வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார்.

"என்ன பண்றீங்க அத்தான்?"

"பக்கத்துக் கடையில போன வாரம் பூட்டை உடைச்சாங்கல்ல? அதான் இதையும் இழுத்துப் பாக்குறேன். தப்பான பாஸ்வேர்டு போட்டா திறக்கக் கூடாது." தட்டிக்கொண்டே இருந்தார். பக்கமே மறைந்துபோனது. அவர் முகம் மலர்ந்தது. "பாத்தியா, கம்முனு மூடிக்கிச்சு. நல்ல பூட்டு மச்சான்."

அந்த வாரத்தில் அவனுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் துணி வெட்டும் மேசைக்குப் போய் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னான்.

"நான் பக்குவமா சொல்லி நிறுத்திடுறேன்க்கா."

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அத்தான் கம்ப்யூட்டருக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்லாதே. அவருக்கு ஊசியில நூல் கோக்க வராது. வேலையிலேருந்து நின்னதுக்கு அப்புறம் இந்தக் கடையில இது ஒண்ணுதான் அவரோட வேலை. அவர் இழுக்கட்டும். தாங்குற மாதிரி பூட்டு போடத் தெரியாட்டி நீ என்னத்த படிச்சே?"

அவன் உறையைக் கழற்றி உட்கார்ந்தான். தவறான பாஸ்வேர்டு வந்தால் வீட்டையே விரட்டாமல், அக்கா போனுக்கு ஒரு எண் அனுப்பிக் கேட்கும்படி மாற்றத் தொடங்கினான்.

"என்ன மச்சான், நல்ல பூட்டை மாத்துறே?"

"இன்னும் கெட்டியா பண்றேன் அத்தான்."

அத்தான் நாற்காலியைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"பண்ணு, பண்ணு. முடிச்சதும் எழுந்திரு. நான் இழுத்துப் பாத்துத்தான் சொல்லுவேன்."