ஒரு கோலும் அடிக்காத மாதன்

கொல்லிமலை குண்டூர் நாட்டு மாதன் ஆறு வருஷம் பந்து விளையாடினான். சேந்தமங்கலத்து அணிக்கு நாலு வருஷம், சேலத்து மில் அணிக்கு இரண்டு வருஷம். ஆறிலும் சென்டர் ஹாஃப், அதாவது நடு மைதானத்து ஆள். முழங்கால் வீங்கி 1940இல் நிறுத்துகிறவரை ஒரு கோல்கூட அடித்ததில்லை. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த முதல் நாலு வருஷத்தில் நான் முப்பத்தெட்டு கோல் போட்டவன். அதில் முப்பதுக்கும் மேலே அவன் கால் கொண்டுவந்து கொடுத்த பந்து. சிரிப்பதானால் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

என் பெயர் அர்த்தனாரி. அப்போது சேந்தமங்கலத்தில் ஒரு மண்டியில் குமாஸ்தா. சாயங்காலம் நாங்கள் பத்துப் பேர் கோயில் பொட்டலில் பந்தை உதைத்துக்கொண்டிருப்போம். ஒரு சந்தை நாளில் பந்து பாதைக்கு ஓடிவிட்டது. மலையிலிருந்து தலையில் பலாப்பழத்தோடு இறங்கி வந்த ஒருவன் பாதத்தால் அதை அமுக்கி நிறுத்தினான். எங்களை ஒரு சுற்றுப் பார்த்தான். பழம் அசையவில்லை. பந்தை உதைத்தான், அது நேராகப் போய்ச் சின்னுசாமி காலில் நின்றது. சின்னுசாமி இடது ஓரத்தில் ஒரு மணி நேரமாகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவன். அவனுக்குப் பந்து கொடுக்க எங்களில் ஒருவனுக்கும் தோன்றியதில்லை. எங்கள் கேப்டன் மாதேஸ்வரன் அங்கேயே பலாப்பழத்தை இறக்கி வைக்கச் சொல்லிவிட்டான்.

அப்படித்தான் மாதன் வந்தான். வாரம் இரண்டு முறை மலையிறங்கி விளையாடிவிட்டு மறுநாள் விடியற்காலை ஏறிப்போவான். வெறுங்கால். பேச்சு குறைவு. ஆனால் பந்து கொடுப்பதில் அவனுக்கு ஒரு வழக்கம் இருந்தது, அது எங்கள் பிராணனை வாங்கியது. அவர்கள் மலையில் வேட்டைக்குப் போனால் கூட வந்த எல்லாருக்கும் கறியில் சம பங்கு. ஈட்டி எறிந்தவனுக்கும் பங்கு, புதரைத் தட்டியவனுக்கும் பங்கு, வழியில் எதிர்ப்பட்டு நின்று பார்த்தவனுக்கும் பங்கு. மாதன் மைதானத்திலும் அதையே செய்தான். ஓடிக்கொண்டே யாருக்கு இன்னும் பந்து போகவில்லை என்று பார்ப்பான், அவனுக்குக் கொடுப்பான்.

முதல் பந்தயத்தில் எதிரணிக்காரன் ஒருவனுக்கே கொடுத்தான். நாமக்கல்லிலிருந்து வந்த ஒல்லிப் பையன், பாதி ஆட்டம்வரை பந்தையே தொடாதவன். அவன் திகைத்துப்போய் வாங்கி ஓடிக் கோல் போட்டுவிட்டான். தோற்றோம். மாதேஸ்வரன் தலையில் அடித்துக்கொண்டு, எதிரிக்கு எதுக்குடா பங்கு என்று கத்தினான். மாதன் நிதானமாகச் சொன்னான்:

"அவனுந்தானுங்களே நம்ம கூட ஓடறான்."

பங்கு நம் பதினோரு பேருக்கு மட்டும்தான் என்று அவனுக்குப் புரியவைக்க ஒரு மாதம் ஆயிற்று. புரிந்த பிறகு எங்களை யாராலும் தடுக்க முடியவில்லை. ஓரத்தில் தூங்கியவன்கூட விழித்துக்கொண்டான், எந்த நேரமும் தனக்கும் பந்து வரும் என்று தெரிந்துவிட்டதே. சுற்று வட்டாரத்தில் எங்கள் பெயர் பரவியது. கைதட்டல் எனக்குக் கிடைத்தது. நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

மாதனின் மனைவி குப்பாயி. அவளை நான் முதலில் பார்த்தது சேந்தமங்கலம் ஆஸ்பத்திரி வாசலில், கம்பளியைச் சுற்றிக்கொண்டு நடுங்கி உட்கார்ந்திருந்தபோது. அந்தக் காலத்தில் மலைக்காய்ச்சல் வீடுவீடாகப் புகுந்து வந்தது. அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் தங்கவில்லை. 1938 தை மாதம் மூன்றாவது தரித்திருந்தது. டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: மலையில் இருந்தால் காய்ச்சல் விடாது, காய்ச்சல் விடாவிட்டால் இதுவும் தங்காது, பிரசவம்வரை கீழே கொண்டுபோய் வையுங்கள். கீழே யார் இருக்கிறார்கள் அவர்களுக்கு? மாதன் காய்ச்சலுக்குக் கொடுத்த கொயினா மாத்திரைப் பொட்டலத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த மாதமே சேலத்துப் பந்தயம் வந்தது. புதிதாகத் தொடங்கிய ஒரு நூல் மில்லின் மானேஜர் தன் அணிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். கடைசி ஆட்டத்தில் பார்த்து ஒருவனை எடுப்பார், மில்லில் வேலை, குடியிருக்க வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. கோல் போடுகிறவனைத் தவிர வேறு யாரும் அவர் கண்ணில் படமாட்டார்கள் என்று அவரிடம் கணக்கு எழுதிய ரைட்டர் எங்களிடம் சொல்லியிருந்தார். நாங்கள் பதினோரு பேரும் கூடிப் பேசி முடிவெடுத்தோம்: எப்பாடு பட்டாவது மாதன் ஒரு கோல் போடவேண்டும். அவனும் சரிங்க, சரிங்க என்று தலையாட்டினான். நான் அவன் தோளைப் பிடித்து, குப்பாயியை நினைத்துக்கொள், கோல் கம்பத்தைத் தவிர வேறெதையும் பார்க்காதே என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

தை மாதமானாலும் கடைசி ஆட்டத்தன்று சேலத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்கு ஆரம்பத்திலேயே கணுக்கால் பிசகிவிட்டது. ஆளை மாற்ற வழியில்லாததால் நொண்டிக்கொண்டே எதிரணிக் கோலுக்குப் பக்கத்தில் ஓரமாக நின்றேன். பந்து என் பக்கம் வரவே இல்லை. ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும், மாதன் பந்தை வாங்கிக்கொண்டு நடுவில் புறப்பட்டான். ஒருவனைத் தாண்டினான், இன்னொருவனைத் தாண்டினான். கோல் கீப்பர் பாய்ந்து விழுந்தான், அவனையும் தாண்டிவிட்டான். எதிரே வெறும் கம்பம். குழந்தைகூட உருட்டிவிடலாம். அடி, அடி என்று எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் கத்துகிறார்கள். அவன் தலையைத் திருப்பினான். என்னைப் பார்த்தான். பந்தை எனக்குத் தள்ளிவிட்டான்.

நான் என்ன செய்வேன்? கால் தானாகப் போயிற்று. கோல். மானேஜர் எழுந்து கை தட்டினார், வேலை எனக்கு என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

ஆட்டம் முடிந்து வேப்பமரத்தடியில் மாதனின் சட்டையைப் பிடித்துவிட்டேன். அறைந்திருப்பேன், அவன் முகத்தைப் பார்த்ததும் கை இறங்கிவிட்டது. அவன் அழுதுகொண்டிருந்தான்.

"அந்நேரம் குப்பாயி நெனப்பே வரலீங்க. நீங்க ஒருக்காக்கூடப் பந்தைத் தொடாம நிக்கறீங்க, அதுதானுங்க கண்ணுல பட்டுது. இப்ப நான் அவ மூஞ்சில எப்படீங்க முழிப்பேன்?"

எனக்கு வந்த கோபம் அவன்மேல் இல்லை, இன்றுவரை அது என்மேல்தான். அந்தப் பந்தை நான் வெளியே அடித்திருக்கலாம். திருப்பி அவனுக்கே தள்ளியிருக்கலாம். ஒரு நொடியில் இதெல்லாம் தோன்றவில்லை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன், அது எடுபடவில்லை. மறுநாள் மானேஜரிடம் போய் என் வேலையை அவனுக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். கோல் போடத் தெரியாத ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சிரித்தார். வேலை கிடைக்காது. சரி, வீடு இருக்கிறதே. அதில் யார் தங்குகிறார்கள் என்று எந்த மானேஜரும் எட்டிப் பார்க்கப்போவதில்லை. குப்பாயியை நம்மோடு வைத்துக்கொள்வோம் என்று என் மனைவி பாவாயியிடம் சொன்னேன். ஒரே அறை, அதில் நாலாள் எங்கே படுப்பது என்று கேட்டாள். பிறகு அவளே, நீ வெளியே படு என்று முடித்துவிட்டாள்.

கணுக்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு மலையேறினேன். பாதையில் எத்தனை முறை மாதனைத் திட்டினேன் என்று நினைவில்லை. மேலே போனால் வேறு வில்லங்கம். அவர்கள் பெண்கள் கீழ்நாட்டார் சமைத்ததைத் தொடமாட்டார்கள். மாசமாக இருக்கிறவள் மாதக்கணக்கில் வெளியே தங்கினால், திரும்பி வரும்போது ஊர் சேர்த்துக்கொள்ளுமா என்ற பேச்சும் இருந்தது. நாட்டுத் தலைவரான பட்டக்காரர் தீர யோசித்தார். மாதன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். குப்பாயிதான் வாயைத் திறந்தாள். அவள் குரலில் காய்ச்சல் நடுக்கம் இருந்தது, வேறு நடுக்கம் இல்லை.

"ரெண்டைப் பொதச்சாச்சுங்க. இதுக்காவ நான் எங்க வேணும்னாலும் போவேன். சட்டி, அரிசி கொண்டுபோயி நானே ஆக்கித் தின்னுக்கறேன். அப்பறம் சேக்கறதும் சேக்காததும் உங்க இஷ்டமுங்க."

பட்டக்காரர், போயிட்டு வா கண்ணு என்றார். அவள் மெதுவாக இறங்கினாள். மாதன் பத்தடி முன்னால் போய், புரளும் கற்களை ஒவ்வொன்றாகக் காலால் ஓரம் தள்ளிக்கொண்டே வந்தான். அவன் ஆடிய எந்த ஆட்டத்தையும்விட அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

லைன் வீட்டு வாசலில் மூன்று கல் வைத்து குப்பாயி தனியாகச் சமைத்தாள். இரண்டாம் மாதத்திலேயே பாவாயியின் புளிக்குழம்பு அந்தச் சட்டிக்குள் எப்படியோ போய்விட்டது. காய்ச்சலும் விட்டது. மாதன் சாமைக் காட்டுக்கும் சேலத்துக்குமாக அலைந்தான். வரும்போதெல்லாம் வாழைத்தார், தேன், மிளகு. ஒருநாள் மில் அணியில் ஆள் குறைந்தபோது அவனை இறக்கிவிட்டேன். ஆட்டம் முடிந்ததும் மானேஜர், யார் அந்த சென்டர் ஹாஃப் என்று கேட்டார். ஐயா, அன்றைக்கு நீங்கள் வேண்டாம் என்று சொன்ன ஆள்தான் என்றேன். மனுஷர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குப் பரம திருப்தி.

ஆடி மாதம் ஒரு காலை நேரம் குப்பாயிக்கு வலி எடுத்தது. மருத்துவச்சியும் பாவாயியும் உள்ளே. நானும் மாதனும் வாசலில். தொண்ணூறு நிமிஷம் நிற்காமல் ஓடுகிறவன், அன்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிள்ளை பிறந்து வீறிட்டு அழுதது. லைன் முழுதும் கேட்டிருக்கும், அப்படி ஒரு தொண்டை. பெண் குழந்தை என்று பாவாயி உள்ளிருந்து குரல் கொடுத்தாள். மாதன் நகரவில்லை. பயந்த முகத்தோடு என்னைப் பார்த்துக் கேட்டான்:

"இப்படித்தான் அழுவுமாங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் இரண்டும் அழவே இல்லை. ஆமாம் சாமி, பிறந்த குழந்தை இப்படித்தான் அழும் என்றேன். உள்ளே பாவாயி குழந்தையைச் சமாதானப்படுத்துவது கேட்டது. மாதன் கதவருகே போய் நின்று சொன்னான்:

"வேண்டாமுங்க. இன்னுங் கொஞ்சம் அழுவட்டும்."