தண்டவாளத்துக்கு நடுவே நாலு முட்டை

செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் போகும் ஒற்றை ரயில் தடத்தில், ஏரிக்கரையை ஒட்டிய கேட்டில் சாரதாம்பாளுக்கு வேலை. அவள் புருஷன் திருவேங்கடம் தண்டவாளம் செப்பனிடும் கேங்மேனாக இருந்தவன். மூன்று வருஷத்துக்கு முன் வளைவில் பின்னால் வந்த எஞ்சினைக் கவனிக்காமல் அடிபட்டுச் செத்தான். அதற்காக இவளுக்குக் கொடுத்த வேலை இது. செய்தி வந்த அன்று அவள் அழவில்லை. உலையில் அரிசி போட்டிருக்கிறேன், குழைந்துவிடும் என்றுதான் சொன்னாளாம். அப்புறமும் அழுகை வரவில்லை.

வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே பார்க்க நிறைய இருந்தது. சித்திரை வெயிலில் ஆவாரம்பூவை மஞ்சள் பட்டாம்பூச்சிகள் மொய்க்கும். எருக்கஞ்செடிக்கு வருவது வேறு சாதி. காவி இறக்கை, கறுப்புக் கரை. மண்மேட்டுப் பொந்துகளில் பஞ்சுருட்டான் குருவிகள் குஞ்சுக்குத் தும்பி கொண்டுபோகும், சில சமயம் அந்தப் பட்டாம்பூச்சிகளையே. எந்தப் பொந்து எந்த ஜோடிக்கு என்பது வரை அவளுக்குத் தெரியும்.

எழுபத்து நாலு மே மாதம் ரயில்வே ஸ்டிரைக். மூன்று வாரம் அந்தத் தடத்தில் வண்டியே இல்லை. தண்டவாளம் துருவேறியது. அந்த அமைதியை நம்பி ஒரு ஆள்காட்டிக் குருவி, கேட்டிலிருந்து நாற்பது ஸ்லீப்பர் கட்டை தள்ளி, தண்டவாளங்களுக்கு நடுவே ஜல்லியில் நாலு முட்டை இட்டது. சாரதாம்பாள் தினமும் தூர நின்று பார்த்தாள். மறுபடி வண்டி ஓடும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை.

ஸ்டிரைக் முடிந்து முதல் வண்டி வந்த காலை, பச்சைக் கொடியும் சுருட்டிய சிவப்புக் கொடியுமாக நின்றாள். எஞ்சின் வளைவில் தலைகாட்டியதும் அவள் கை தானாகச் சிவப்பை விரித்துவிட்டது.

வண்டி கிறீச்சிட்டு, முட்டைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. டிரைவர் ஹயாத் பாஷா குதித்து இறங்கினார்.

"இன்னாம்மா? லைன் உடைஞ்சி கீதா?"

விரலால் காட்டினாள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"குருவிக்கா வண்டிய நிறுத்தின?"

"நாலு முட்டை வெச்சிகினு கீதுங்க."

"எடுத்து ஓரமா வெக்கிறதுதானே?"

"எடுத்தா அது குந்தாதுங்க."

கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு நடந்து வந்துகொண்டிருந்தார். பாஷா குரலைத் தாழ்த்தினார். "கன்னுக்குட்டி நின்னுச்சின்னு சொல்லு. இல்லன்னா வேலை பூடும். மெள்ளப் போறேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

எஞ்சின் நகர்ந்தது. பார்க்கக் கூடாதென்று நினைத்தாள், கழுத்து திரும்பவில்லை. புகையும் ஆவியும் தரையைக் கவ்வின. ஆறு பெட்டி போனது. ஜல்லியோடு ஜல்லியாக ஒட்டிக்கிடந்த பறவை தலையைத் தூக்கியது. எழுந்தது. அலகால் ஒரு முட்டையைப் புரட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தது.

வண்டிக்கு அடியில் போன ஒன்று எழுந்து நிற்கும் என்பது அவள் அறியாத விஷயம். மாட்டுவண்டிக்காரன் மூன்று தரம் கூப்பிட்ட பிறகுதான் கேட்டைத் திறந்தாள்.

பன்னிரண்டாம் நாள் குஞ்சு பொரித்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: பஞ்சுருண்டை போன்ற அதுகளால் தண்டவாளத்தைத் தாண்ட முடியாது. வண்டிக்குக் கால் மணி நேரம். கேட்டைச் சாத்திவிட்டு ஓடினாள். தாயும் தகப்பனும் தலையில் இடிப்பதுபோலப் பாய்ந்து கத்தின. மூன்றை முந்தானையில் அள்ளி ஏரிப் பக்கம் விட்டாள். நாலாவதைக் காணோம். தவழ்ந்து தேடினாள். எஞ்சின் ஊதியது. கேட்டுக்கு ஓடினாள். இந்தத் தரம் அவளே பச்சையைக் காட்டினாள்.

வண்டி போனதும் அதே இடத்துக்குப் போனாள். சக்கரம் ஓடிய இடத்துக்கு நாலு விரற்கடை தள்ளி, தண்டவாளத்தின் அடியோடு ஒட்டிப் படுத்திருந்தது குஞ்சு. தேடும்போது அவள் முழங்காலை ஊன்றியது அதற்குப் பக்கத்திலேதான். எடுத்தாள். உள்ளங்கையில் துடிப்பு தட்டியது. அங்கேயே ஜல்லியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, நிற்கவேயில்லை.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த முனியம்மா பதறிப்போய் ஓடி வந்தாள். "இன்னாடி சாரதா, யாருக்கு இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் ஆவலக்கா," என்றாள் சாரதாம்பாள். "ஒண்ணுமே ஆவல."