பின்பக்கம் சிறுத்த பெட்டி

நான்காம் வகுப்பில் எங்களுக்குப் பெட்டி வரையக் கற்பித்தார்கள். முன்பக்கத்தைச் சதுரமாகப் போட வேண்டும். மேல்பக்கத்தின் இரண்டு ஓரக் கோடுகளும் பின்னால் போகப் போக நெருங்க வேண்டும். அப்போதுதான் தாளில் பெட்டி எழுந்து நிற்கும். டீச்சர் என் படத்துக்குச் சரி போட்டார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பென்சில் பிடித்தவள் நான். கண்டியிலேயே என்னைவிடப் படித்தவர் இல்லை என்ற நினைப்போடு அன்று மஹய்யாவையில் இருந்த எங்கள் வீட்டுக்கு நடந்து வந்தேன்.

அடுத்த பாடத்துக்கு, பார்த்து வரைய வீட்டிலிருந்து ஒரு பொருள் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அப்பா தேயிலை ஸ்டோரில் தூள் அடைக்கும் மரப்பெட்டி அடிப்பவர். எனக்கென்று புதிதாக ஒரு பெட்டி வேண்டும் என்று படத்தை அவரிடம் நீட்டினேன்.

அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "பின்னுக்குச் சிறுசாவா தாயி? கோணிக்கிட்டில்ல நிக்கும்?"

படிக்காதவர் கேட்கும் கேள்வி என்று எனக்குக் கோபம் வந்தது. "ஒங்களுக்கு என்னப்பா தெரியும்? டீச்சர் சரி போட்ட படம். இதுல இருக்கிற மாதிரியே செய்யுங்க."

ஸ்டோரிலேயே செய்து, அந்தப் பாடத்தன்று காலை தலையில் சுமந்து வந்து, வகுப்பு மேசையில் இறக்கி வைத்தார். முன்பக்கம் அகலம், பின்பக்கம் அதில் பாதி. பலகைகளைச் சரிவாக அறுத்து, ஒரு நூல் இடைவெளிகூட இல்லாமல் பொருத்தியிருந்தார்.

"ஏன்டி, இது பெட்டியா, மொறமா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். வகுப்பே சிரித்தது.

டீச்சருக்கும் சிரிப்பு வந்தது. "யார் செய்தது?"

அப்பா கதவோரம் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. "ஸ்டோர்ல வேலை செய்ற ஆளு, டீச்சர். சொன்னது வெளங்கல போல."

"ஆமாங்கம்மா," என்றார் அப்பா. "பாப்பா சரியாத்தான் சொல்லிச்சு. நான்தான் பிசகிட்டேன்." பெட்டியைத் திரும்பத் தலையில் ஏற்றிக்கொண்டு போனார்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் என் மானத்தை வாங்கிவிட்டதாக அழுதேன். பெட்டி அடிப்பவருக்குப் பெட்டி எப்படி இருக்கும் என்றுகூடவா தெரியாது என்று கேட்டேன்.

"இனிமே ஒன்னயக் கேட்டுட்டே செய்றேன் தாயி," என்றார்.

தப்பை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று சமாதானமாகிச் சாப்பிட உட்கார்ந்தேன். அவர் முன்பே கேட்டிருந்தார் என்பது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை.